வீட்டுக் காரியங்கள் அனைத்தையும் ஒருவரே நினைவில் சுமப்பது: எதை முதலில் செய்வது, எங்கே எழுதி வைப்பது?

மதுரை ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். கணவர் தனியார் தொழிற்சாலையில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிறார். மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படிக்கிறாள், மகன் முதல் வகுப்பில் இருக்கிறான். மாமனாரும் மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

கடந்த நவம்பரில் நடந்த ஒன்றைச் சொன்னால் என் நிலை விளங்கும். மாமனார் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், வயது 76. ஓய்வூதியம் தடையின்றி வர வேண்டுமானால் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் உயிர்வாழ் சான்று அளிக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அக்டோபரிலிருந்தே அது என் மனத்தில் இருந்தது. குழம்பு கொதிக்கும்போதும், பேருந்தில் நின்றுகொண்டு போகும்போதும், விடைத்தாள் திருத்தும்போதும் "மாமாவுக்குச் சான்று கொடுக்க வேண்டும்" என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். ஆனாலும் 29ஆம் தேதி மாலைதான் அவரை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு சேவை மையத்துக்குப் போக முடிந்தது. அங்கே அவருடைய கைரேகை பதியவில்லை. விரலை ஈரத்துணியால் துடைத்தும், வேட்டி நுனியில் தேய்த்தும், ஒவ்வொரு விரலாக மாற்றியும் வைத்துப் பார்த்தார்கள். கருவி ஏற்கவே இல்லை. மறுநாள் முகத்தைப் படமெடுத்துப் பதியும் முறையில் சான்று கிடைத்துவிட்டது என்றாலும், இடைப்பட்ட அந்த ஓர் இரவு முழுவதும் நான் உறங்கவில்லை. அதே வாரத்தில் மின்கட்டணம் செலுத்த மறந்து, கணக்கெடுத்த நாளிலிருந்து கிடைக்கும் 20 நாள் அவகாசமும் கடந்து, ஒரு பகல் முழுவதும் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். வங்கியில் பணம் இருந்தது. கட்ட வேண்டும் என்ற நினைப்பு மட்டும் உரிய நேரத்தில் வரவில்லை.

அதன்பின் எல்லாவற்றையும் கைப்பேசியில் ஒரே பட்டியலாக எழுதினேன். 63 வரிகள் வந்தன. "எரிவாயு பதிவு செய்தல்" என்பதும், "மகளுக்குப் பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று முடிவு செய்தல்" என்பதும், "பரணில் இருக்கும் பழைய பாத்திரங்களைப் பிரித்தல்" என்பதும் அடுத்தடுத்து ஒரே அளவு எழுத்தில் நிற்கின்றன. படுக்கப் போகும் முன் அதைப் பார்த்தால் தூக்கம் போய்விடுகிறது. கணவர் எதைச் சொன்னாலும் மறுக்காமல் செய்கிறவர்தான், ஆனால் சொல்ல வேண்டியவள் நானாகவே இருக்கிறேன். எதை முதலில் செய்வது என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள்? எங்கே எழுதி வைக்கிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற எழுத்தர், தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். நான் வருவாய்த் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றியவன். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஓர் இருக்கைக்கு வரும் தபால்களையும் கோப்புகளையும் எந்த எழுத்தரும் நினைவில் வைத்துக்கொண்டதில்லை. நினைவை நம்பி இருக்கையை நடத்தக் கூடாது என்பதுதான் பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லித்தரப்பட்டது. அங்கே பின்பற்றிய முறையை ஓய்வுக்குப் பிறகு என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்களிடம் மூன்று விதமான பதிவேடுகள் இருந்தன. அன்றாடம் வரும் தபால்களை வரிசை எண் இட்டு, என்ன நடவடிக்கை எடுத்தோம், அடுத்து என்ன என்று எழுதுவது தன்பதிவேடு. மாதந்தோறும், காலாண்டுதோறும், ஆண்டுதோறும் தவறாமல் அனுப்ப வேண்டிய அறிக்கைகளுக்குக் காலமுறைப் பதிவேடு தனியாக உண்டு. இப்போதைக்கு எதுவும் செய்ய முடியாத, சில மாதங்கள் கழித்துத்தான் எடுக்க வேண்டிய கோப்புகளை வேறொரு பதிவேட்டுக்கு மாற்றிவிடுவோம், அதை அலுவலகத்தில் "கால் புக்" என்பார்கள். உங்கள் 63 வரிகள் அச்சுறுத்துவதற்குக் காரணம், இந்த மூன்று பதிவேட்டுக்கும் உரியவை ஒரே தாளில் கலந்து கிடப்பதுதான் என்று நான் கருதுகிறேன்.

முதலில் காலமுறை வேலைகளைப் பிரித்தெடுங்கள். இவை குறித்த காலத்தில் தவறாமல் வருகிறவை, ஆகவே இவற்றைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை வருகிறது, அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிட்டால் 5 சதவீதம் ஊக்கத்தொகையாகக் கழித்துக்கொள்கிறார்கள். வருமானவரிக் கணக்குக்கு வழக்கமாகச் சூலை 31 கடைசி நாள், தவறினால் வருமானத்தைப் பொறுத்து 1,000 அல்லது 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம் உண்டு. இருசக்கர வாகனக் காப்பீடு, பள்ளிக் கட்டணம், மாமனாரின் சான்று ஆகியவையும் இந்த வகைதான்.

இவற்றை எழுத உங்கள் சுவரில் ஏற்கெனவே ஒரு பதிவேடு தொங்குகிறது. நாள்தோறும் கிழிக்கும் தினசரி நாட்காட்டியைத்தான் சொல்கிறேன். புத்தாண்டில் புதிய நாட்காட்டி மாட்டியதும் அதை ஆணியிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, தாள்களை விரலால் விலக்கி, நல்ல நேரமும் இராகு காலமும் அச்சிட்டிருக்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள வெற்றிடத்தில் பென்சிலால் எழுதுவேன். ஏப்ரல் 4ஆம் தேதித் தாளில் "வீட்டு வரி", சூலை 5ஆம் தேதித் தாளில் "வரிக் கணக்கு, படிவம் 16 வாங்கியாயிற்றா" என்று இரண்டு மூன்று சொற்கள் போதும். எழுதிய பின் மறந்துவிடலாம். முந்தைய நாளின் தாளைக் கிழிக்கிறவர் எவரோ அவர் கண்ணில் அது உரிய காலையில் தானாகப் படும். கைப்பேசியிலும் நினைவூட்டல் வைக்கலாம், ஆனால் அது உங்கள் ஒருவர் காதில் மட்டும் ஒலிக்கிறது. சுவரில் இருப்பதை வீட்டார் அனைவரும் படிக்கிறார்கள்.

இதில் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். கடைசி நாளை எழுதக் கூடாது, தொடங்க வேண்டிய நாளை எழுத வேண்டும். உங்களுக்கு நேர்ந்த துன்பம் மறதியால் வந்ததன்று. 30ஆம் தேதி என்ற ஒரே எண்ணை மனத்தில் வைத்திருந்ததால் வந்தது. நவம்பர் 3ஆம் தேதி போயிருந்தால் கைரேகை பதியாதது ஒரு சிறு தடங்கலாக முடிந்திருக்கும். (இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பயன்படும். அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து இந்தச் சான்றைப் பதிந்து தருகிறார், 70 ரூபாய் கட்டணம். பெரியவரை அலைக்கழிக்க வேண்டியதில்லை.)

அடுத்து, இப்போது நடந்துகொண்டிருக்கும் வேலைகளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு வேலைக்கு ஒரு வரிசை எண், அதன் எதிரே "அடுத்து என்ன, எந்த நாள்" என்பது மட்டும். "மகளின் பதினோராம் வகுப்பு" என்று எழுதினால் அது கவலை. "சனிக்கிழமை மகளோடும் அவள் அறிவியல் ஆசிரியரோடும் அரைமணி நேரம் பேசுதல்" என்று எழுதினால்தான் அது வேலை. முடிந்ததும் எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் வட்டமிடாத எண்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள்.

எஞ்சியவை அனைத்தும் நோட்டின் பின்பக்கத்துக்குப் போகட்டும். பரண் பாத்திரம் அங்கேதான் போக வேண்டும், "மே மாதம் 10ஆம் தேதி பார்க்கவும்" என்ற குறிப்போடு. அது வரைக்கும் அதைப் பற்றி நினைக்காமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அலுவலகத்தில் கோப்பைக் கால் புக்குக்கு மாற்றினால் அதற்காக எவரும் எங்களைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் மீண்டும் எடுக்கும் நாள் அதில் இருக்கும். வீட்டிலும் அப்படித்தான்.

வங்கி ஊழியர், திருச்சி

எழுத்தர் ஐயா சொன்னது எங்கே எழுதுவது என்பதற்கு நல்ல விடை. எதை முதலில் செய்வது என்பதற்கு நான் நான்கு கட்ட முறையைப் பயன்படுத்துகிறேன். அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் 1954ஆம் ஆண்டு எவன்ஸ்டன் நகரில் ஆற்றிய உரையில், அவசரமானவை வேறு, முக்கியமானவை வேறு என்று முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் கூறியதை எடுத்துச் சொன்னார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்த முறை. அவசரமும் முக்கியமும் ஆனதை உடனே செய்ய வேண்டும், முக்கியமாக இருந்து அவசரமில்லாததற்கு நாள் குறிக்க வேண்டும், அவசரமாக மட்டும் இருப்பதை வேறொருவரிடம் தர வேண்டும், இரண்டும் இல்லாததை விட்டுவிட வேண்டும். எனக்கு அலுவலகத்தில் இது மிகவும் உதவுகிறது.

செவிலியர், கோயம்புத்தூர்

சகோதரியின் கேள்வியைப் படித்தபோது என் வீட்டையே பார்ப்பது போல் இருந்தது. நான்கு கட்டங்களை நானும் முயன்றேன். வீட்டில் அது எனக்குப் பயன்படவில்லை, ஏனெனில் வீட்டில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு அவசரமானது. மகனுக்கு நாளைக் காலையில் வேண்டிய சார்ட் பேப்பர் அவனுக்கு உலகத்திலேயே முக்கியமான பொருள். எது முக்கியம் என்று நான் கேட்டுக்கொண்டால் விடையே கிடைப்பதில்லை.

அதற்குப் பதிலாக அவசரச் சிகிச்சைப் பிரிவில் நாங்கள் கேட்கும் கேள்வியைக் கேட்கிறேன். வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பது எங்கள் வழக்கம். கையில் காயத்தோடு கத்திக்கொண்டு வருகிறவர் எல்லோருடைய கவனத்தையும் இழுப்பார், ஆனால் மூலையில் வியர்த்துப்போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்தான் மாரடைப்போடு வந்தவராக இருப்பார். ஆகவே யார் அதிகம் சத்தம் போடுகிறார் என்று நாங்கள் பார்ப்பதில்லை. இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் யாருடைய நிலை திரும்ப முடியாதபடி கெடும் என்று பார்க்கிறோம். வீட்டு வேலைக்கும் இந்த ஒரு கேள்வி போதும். இதை ஒரு வாரம் தள்ளினால் என்ன கெடும்? பணம் போகுமா, உடல் கெடுமா, வேறொருவரின் வேலை நிற்குமா? மாமியாரின் சர்க்கரைப் பரிசோதனை ஒருநாளும் சத்தம் போடாது, கைப்பேசியில் மணி அடிக்காது, அவரும் வாய் திறந்து கேட்க மாட்டார். அதனால்தான் அது பட்டியலில் மேலே இருக்க வேண்டும். உறவினர் திருமண அழைப்பிதழைப் பார்த்துவிட்டுப் பதில் அனுப்புவது நாள் முழுவதும் சத்தம் போடும், தள்ளினால் ஒன்றும் கெடாது.

இரண்டாவதாக, உங்கள் கணவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். "சொன்னால் செய்வார்" என்ற அந்த வரியில்தான் உங்கள் களைப்பு முழுவதும் இருக்கிறது என்று நினைக்கிறேன். கடைக்குப் போவது பத்து நிமிட வேலை. எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று கவனித்து, எந்த நாளில் தீரும் என்று கணக்கிட்டு, அவருக்கு ஓய்வான நேரம் பார்த்துச் சொல்லி, வாங்கினாரா என்று மீண்டும் கேட்பது வாரம் முழுவதும் நடக்கிற வேலை. நீங்கள் பகிர்ந்துகொண்டது அந்தப் பத்து நிமிடத்தை மட்டும்தான்.

மருத்துவமனையில் ஷிப்ட் மாறும்போது ஒவ்வொரு படுக்கையாக நின்று, என்ன மருந்து கொடுத்தாயிற்று, என்ன பாக்கி, எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுத்தோடு ஒப்படைப்போம். ஒப்படைத்த பின் அந்த நோயாளி அடுத்தவருடைய பொறுப்பு. வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு "பன்னிரண்டாம் எண் படுக்கைக்கு ஊசி போட்டீர்களா" என்று நான் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தால் அது ஒப்படைப்பே ஆகாது. ஆகவே கணவரிடம் வேலைகளைத் தராதீர்கள், துறைகளைத் தாருங்கள். மின்சாரம், எரிவாயு, வாகனம் மூன்றும் அவருடையவை என்றால், நினைவில் வைப்பதும் அவர், பணம் கட்டுவதும் அவர், தவறினால் சரிசெய்வதும் அவர். ஒருமுறை தவறும். அப்போது நீங்கள் குறுக்கே புகுந்து செய்துவிட்டால் துறை மறுபடியும் உங்களிடமே வந்துவிடும், இதை என் அனுபவத்தில் இரண்டு முறை கண்டேன். மருந்து, குழந்தையின் பாதுகாப்பு போன்ற சிவப்பு வகைகளில் மட்டும் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

உளவியல் முதுகலை மாணவி, சென்னை

தூக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2018ஆம் ஆண்டு வெளியானது. படுக்கும் முன் ஐந்து நிமிடம், ஒரு பிரிவினர் இனிச் செய்ய வேண்டியவற்றையும் மற்றொரு பிரிவினர் முன்பு செய்து முடித்தவற்றையும் எழுதினார்கள். செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாக உறங்கினார்கள், எவ்வளவு விளக்கமாக எழுதினார்களோ அவ்வளவு விரைவாக உறங்கினார்கள். சிறிய ஆய்வுதான் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். ஆனால் நீங்கள் செய்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். அவர்கள் வெற்றுத் தாளில் எழுதி இறக்கி வைத்தார்கள், நீங்கள் ஒளிரும் திரையில் 63 வரிகளைத் திரும்பப் படிக்கிறீர்கள். இரவில் படிப்பதை நிறுத்திவிட்டு, மறுநாளுக்கானவற்றை மட்டும் கையால் எழுதிவிட்டுப் படுத்துப் பாருங்கள்.

மற்றொன்று, நேரத்தைக் கணிப்பது. உளவியலாளர் பியூலரும் அவருடைய குழுவினரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாட்களில் முடிப்போம் என்றார்கள், முடிக்க ஆனதோ 55 நாட்களுக்கும் மேல். எல்லாம் மோசமாக நடந்தால் எத்தனை நாள் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன 49 நாட்கள்கூடப் போதவில்லை. என் ஆய்வேட்டுக்கும் இதுவே நடந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்பது வேலைகளை எழுதாதீர்கள். சென்ற முறை இதே வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து எழுதினால் ஐந்துக்கு மேல் இடம் இருக்காது, அந்த ஐந்தும் நடக்கும்.

எழுத்தர் ஐயாவிடம் ஒரே ஒரு கருத்து வேறுபாடு. வெள்ளிக்கிழமை மாலை ஆசிரியைக்கு மிகவும் களைப்பான நேரமாக இருக்கும். வாரச் சரிபார்ப்பை மனம் தெளிவாக இருக்கும் வேறொரு நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மதுரை ஆசிரியை

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

63 வரிகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரித்தேன். 8 வேலைகள் நாட்காட்டிக்குப் போயின. 17 மட்டுமே நோட்டின் முன்பக்கத்துக்கு உரியவையாக இருந்தன. 34 பின்பக்கத்துக்குப் போயின. எஞ்சிய 4ஐ அடித்துவிட்டேன், அவற்றுள் ஒன்று மூன்று ஆண்டுகளாக நான் வருந்திக்கொண்டிருந்த தையல் வகுப்பு. அதை அடித்தபோது சற்று வருத்தமாக இருந்தது, ஆனால் இப்போது நினைவுக்கு வருவதே இல்லை. வாரச் சரிபார்ப்பைச் சனிக்கிழமை காலைக் காப்பியோடு வைத்துக்கொண்டேன், இருபது நிமிடம் ஆகிறது.

செவிலியர் சகோதரி சொன்னபடி மின்சாரம், எரிவாயு, வாகனம் மூன்றையும் கணவரிடம் ஒப்படைத்தேன். நுகர்வோர் எண்கள், வாகனக் காப்பீட்டு நகல், கடைசி நாட்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். இரண்டாம் வாரத்திலேயே எரிவாயு தீர்ந்துபோனது, மாற்று உருளை இல்லை. நான் கைப்பேசியை எடுக்கப் போய், பிறகு வைத்துவிட்டேன். இரண்டு நாள் இண்டக்‌ஷன் அடுப்பில் சோறு மட்டும் வைத்து, குழம்பைக் கடையில் வாங்கினோம். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மறு உருளை வந்த அன்றே, அது எத்தனை நாள் வரும் என்று என்னிடம் கேட்டு, நாட்காட்டியை இறக்கி முப்பத்தைந்தாவது நாளின் தாளில் "கேஸ்" என்று எழுதினார்.

மாமியாரின் சர்க்கரைப் பரிசோதனையை அந்த வாரமே செய்தோம். அளவு எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததால் மருத்துவர் மருந்தை மாற்றியிருக்கிறார். சத்தம் போடாத வேலை என்று நீங்கள் எழுதியது எங்கள் வீட்டுக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

காலையில் தாளைக் கிழிப்பது இப்போது மகனின் வேலை. எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்கிறான், வீடே கேட்கிறது. மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நவம்பர் 3ஆம் தேதித் தாளைத் தாமே தேடி எடுத்து, "தபால்காரரை வரச் சொல்லவும்" என்று தம் கையெழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. பள்ளி வேலைகளுக்குத் தனி நோட்டு வைத்திருக்கிறேன். இரண்டு நோட்டுகளில் எதைத் திறந்தாலும் மற்றொன்றில் ஏதோ விட்டுப்போனது போலவே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கலாமா?

ஓய்வுபெற்ற எழுத்தர், தஞ்சாவூர்

ஒன்றாக்கிவிடுங்கள். ஓர் இருக்கைக்கு ஒரு தன்பதிவேடுதான். பள்ளி வேலைக்கு வரிசை எண்ணின் முன்னால் "ப" என்று ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அது போதும். விடைத்தாள், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு, அவை பற்றிய வரி மட்டும் நோட்டில் இருக்கட்டும். பொதுத்தேர்வு முடியும் வரை மகளின் பெயரில் ஒரு பக்கத்தைத் தனியே விட்டு வைப்பதும் நல்லது, ஆனால் அந்தப் பக்கத்தை எழுதுவது மகளாகவே இருக்கட்டும்.